முன்னறைக்கு நடுவால் ஒரு கோடு

காலையில் உள்ளே வந்த சவப்பெட்டி, மாலையில் வெளியே போக மறுத்தது. நடை வளைகிற இடத்தில் தலைமாடு சுவரில் முட்ட, கால்மாடு கதவுநிலையில் இறுகியது. தூக்கியவர்கள் மறுபடியும் பின்வாங்கி, முன்னறைக்குள் அதை இறக்கினார்கள்.

வந்த பெட்டி ஏன் போகாது? அன்ரோனெற்றுக்குச் சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. வெறும் பெட்டியை நிமிர்த்தி, அலுமாரியைத் திருப்புவதுபோலத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார்கள். இப்போது அதற்குள் அப்பா படுத்திருக்கிறார். நிமிர்த்த முடியாது.

நடையை வளைத்தவரும் அப்பாதான். தெருவை அகலமாக்கவென்று நகரசபை முன்னறைக்கு நடுவால் கோடு போட்டிருந்தது. கோட்டுக்குள், தெருப்பக்கமாக இருக்கிற சுவர் இருக்கிறபடி நிற்கலாம். இடித்தால் திரும்பக் கட்ட முடியாது. அப்படிப்பட்ட வீட்டை வாங்கவும் ஆளில்லை. முன்னுக்கு நீட்ட வழியில்லாமல், நடையில் பாதியை எடுத்துத்தான் அவர் சமைக்கக் குசினி கட்டினார்.

"சன்னலுக்குக் கீழ உடைப்பம். நேரே றோட்டு," என்றார் கிறகரி மாமா.

"உடைச்சா அந்தச் சுவர் அதோட சரி, மாமா. பிறகு என்ர தையல் மிசினை எங்க வைக்கிறது? அதாலதானே சாப்பிடுறம்."

"அப்ப மச்சானைச் சீலையில வெளிய எடுத்து, றோட்டில பெட்டிக்குள்ள வைப்பம்."

அம்மா தலையை நிமிர்த்தினாள். "ஆசுபத்திரிக்குச் சுறா மாதிரிச் சீலையில கொண்டுபோனது போதும். இனி அவர் பெட்டியிலதான் போவார்."

கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"வலன்ரைன் அண்ணன் வீடு கட்டேல்ல, மீன்கூடு கட்டியிருக்கிறார்," என்றார் பக்கத்து வளவுச் சரிபுதீன். "உள்ள வரலாம், வெளிய போகேலாது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்ரோனெற் எழுந்து சரிபுதீனின் வளவுக்குப் போனாள்; அவரும் பின்னால் வந்தார். முன்னறையின் பக்கச்சுவரில், அந்தப் பக்கம், கோடு போகிற இடத்தைக் காட்டச் சபை ஆட்கள் பூசிய சிவப்புக் குறி இருந்தது. அதில் கையை வைத்து, சுவரோடு வீட்டின் பின்பக்கமாக நடந்தாள்.

"சரிபுதீன் நானா, இதில உடைச்சா உங்கட வளவுக்குள்ளாலதான் கொண்டுபோகவேணும்."

"அதுக்கென்ன பிள்ளை, உடையுங்கோ. கதீஜா! கோழியளைப் பிடிச்சு அடை!" என்று அவர் மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

சிவப்புக் குறிக்குப் பின்னால், பெட்டி போகும் அகலத்துக்குப் பக்கச்சுவரை உடைத்தார்கள். அந்தத் துண்டு கோட்டுக்குள் இல்லை; திரும்பக் கட்டலாம். பெட்டி எங்கும் வளையாமல் சரிபுதீனின் வளவுக்குள் இறங்கி, அவருடைய வாசல் கேற்றால் தெருவுக்கு வந்தது.