என்னை ஏன் கூப்பிடவில்லை

என் மகள் கீர்த்திக்கு நெஞ்சு படபடத்தால் அவள் தேடுவது கீழ் வீட்டு மும்தாஜை. பெற்றவள் நான் குத்துக்கல் மாதிரி மாடியில் இருக்கிறேன்.

மும்தாஜ் ஒன்றும் கெட்டவள் இல்லை. எனக்கு எரிச்சலே அதுதான். கெட்டவளாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு உறவை முறித்திருப்பேன். மராத்தி பேசுகிற இந்தக் கட்கியில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் தமிழ் பேசுகிற வீடுகள் எங்களுடையதும் அவளுடையதும்தான். அவளுக்கு ஆம்பூர்ப் பக்கம், எங்களுக்குக் குடியாத்தம். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். பிள்ளை குட்டி இல்லை, வீட்டிலேயே துணி தைக்கிறாள். பகல் முழுக்க போன் அவள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும். எனக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. நான் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். தீக்குச்சியும் போனும் உள்ளே போகக் கூடாது. கேட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் ஷிப்டு முடிந்துதான் எடுக்க முடியும்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், ஔந்துக்குக் காலேஜ் போகிற பஸ்ஸில் கீர்த்திக்கு மூச்சு முட்டியிருக்கிறது. கை மரத்துப் போய், வேர்த்துக் கொட்டி, இதோ சாகப் போகிறோம் என்றே நினைத்தாளாம். என் போன் பெட்டிக்குள் அடித்து அடித்து ஓய்ந்திருக்கிறது. அவள் அப்பா கசார்வாடியில் லேத் பட்டறையில் வேலை செய்கிறார், மெஷின் சத்தத்தில் அவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அடுத்தபடியாக அவள் கூப்பிட்டது மும்தாஜை. மும்தாஜ் தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி, ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போய், இதயத்தில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொன்னதையும் கேட்டு வந்துவிட்டாள். நான் வேலை முடிந்து வந்தபோது கீர்த்தி அவள் வீட்டில், அவள் தோளில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் என் கண்ணுக்கு அந்தத் தோள் மட்டும்தான் தெரிந்தது.

அதற்கப்புறமும் பல தடவை வந்தது. டாக்டர் எங்களை மனநல ஆலோசகர் ப்ரீதியிடம் அனுப்பினார். சின்னப் பெண், சிரித்த முகம். கீர்த்திக்கு இருப்பது பதற்ற நோய் என்றார். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடம்பு ஆபத்து என்று மணி அடித்துவிடுகிறதாம். இந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு வருகிறது, நடிப்பும் இல்லை, கோழைத்தனமும் இல்லை, சரிப்படுத்தலாம் என்றார். படபடப்பு ஏறும், உச்சிக்குப் போகும், தானே இறங்கும். இறங்கும்வரை அவள் அங்கேயே இருந்து பழக வேண்டும். பயந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் மறுநாள் அதே பஸ் இன்னும் பூதாகாரமாகத் தெரியும். வீட்டு ஆட்கள் ஒன்றுமில்லை என்று அடக்கவும் வேண்டாம், தூக்கிக்கொண்டு ஓடவும் வேண்டாம், பக்கத்தில் பதறாமல் இருந்தால் போதும் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்றும் கேட்டார். எங்கள் வம்சத்திலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னேன். கீர்த்தி என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் சும்மா இருந்தால் போதும் என்று சொல்வதற்கு ஒரு படிப்பா என்று எனக்குத் தோன்றியது. குழந்தை தத்தளிக்கும்போது எந்தத் தாய் சும்மா உட்காருவாள்? மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டேன். காலையில் அவள் முகம் வாடினாலே காலேஜுக்குப் போன் போட்டு டெங்கு, வயிற்றுப்போக்கு என்று வாய்க்கு வந்த நோயைச் சொல்லி வீட்டில் நிறுத்திக்கொண்டேன். பஸ் என்றாலே இம்சைதான். எனக்கே பித்த உடம்பு. பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றும், நெஞ்சை அடைக்கும், கம்பியைப் பிடித்த கை பிடித்தபடி இருக்கும். அதனால்தான் வேலைக்கு நடந்தே போய் வருகிறேன். இதற்கெல்லாம் ஆலோசகரிடமா போனேன், சீரகத் தண்ணீர் குடித்தேன்.

மும்தாஜ் மட்டும் ப்ரீதி சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் ஆனால் இருவரும் கிளம்பிவிடுவார்கள். முதலில் ஒரு ஸ்டாப், அப்புறம் ரெண்டு, அப்புறம் ஔந்து வரை பஸ்ஸில் போய்த் திரும்புவது. ஏதோ சாதித்த மாதிரி சிரித்துக்கொண்டே வருவார்கள். நான் பால்கனியில் நின்று பார்ப்பேன். வீட்டுக்கு வந்தால் என் பெண்ணின் வாயில் பேச்சே இருக்காது. நான் சுட்டு வைத்த அடையைப் பிட்டுப் பிட்டு வைப்பாள், ஆன்ட்டி வீட்டில் சாப்பிட்டேன் என்பாள். இதற்குப் பெயர் பொறாமைதான், வேறு நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை. என் போன் மட்டும் அன்றைக்குப் பெட்டிக்குள் இல்லாமல் இருந்திருந்தால் அந்த இடம் என்னுடையது என்று படுக்கும்போதெல்லாம் நினைத்துப் புழுங்குவேன்.

இந்த ஊரில் பன்னிரண்டாம் வகுப்பும் காலேஜில்தான். அதன் கெமிஸ்ட்ரி பிராக்டிகல் பரீட்சை வந்தது. அதைத் தவறவிட்டால் ஒரு வருடமே வீண். கீர்த்தி தனியாகவே பஸ்ஸில் போக வேண்டும், தாங்க முடியாவிட்டால் ஒருவரைப் போனில் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே போகலாம் என்பது ப்ரீதியின் ஏற்பாடு. நான் லீவு போட்டேன். போனை முழுக்கச் சார்ஜ் ஏற்றி, சத்தத்தைக் கூட்டி, கையிலேயே வைத்துக்கொண்டேன். அம்மா வீட்டில்தான் இருப்பேன், போனும் கையில்தான் இருக்கும் என்று கீர்த்தியிடம் சொன்னேன். சரி மா என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

போன் அடிக்கவில்லை. அடுப்பைத் துடைத்தேன், அடிக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் சிக்னல் போய்விட்டதோ என்று வீட்டுக்காரருக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்தேன், போனது. பொறுக்க முடியாமல், கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் கீழே இறங்கினேன். மும்தாஜின் கதவு திறந்திருந்தது. தையல் மெஷின் மேல் போனை வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் என் மகளின் மூச்சு இரைந்தது.

"ஆமா கண்ணு, வரும். வந்துட்டுப் போயிடும். நீ பாட்டுக்கு உக்காந்துனு இரு."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் போனைப் பிடுங்கினேன். "அம்மா பேசறேன்டி. எறங்கிடு. எறங்கி அங்கியே நில்லு, நான் வந்துட்டேன்" என்றேன். அதோடு இணைப்பு போய்விட்டது.

மும்தாஜ் கோபப்படவில்லை. இன்னிக்குப் பரீட்சை ஆச்சே அக்கா என்றாள், அவ்வளவுதான். பரீட்சை எனக்கு மறந்தே போயிருந்தது. போனை அவள் கையில் திணித்துவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் ஓடி ஆட்டோ ரிக்ஷாவில் ஏறி, பஸ் போகிற வழியிலேயே விடச் சொன்னேன்.

ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்பில் கீர்த்தி உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள், ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்று நினைத்துப் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவே எனக்குத் தாங்கவில்லை. ரோடு என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன்.

"நான் லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன். போனு என் கையில இருக்குது. என்னை ஏண்டி கூப்புடல?"

சொல்லி முடிப்பதற்குள் நெஞ்சை அடைத்தது. விரல் நுனியெல்லாம் மரத்தது, எதிரே போகிற வண்டிகள் எங்கோ தூரத்தில் போகிற மாதிரி இருந்தன. பித்தம் என்று முனகிக்கொண்டே பெஞ்சில் சரிந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. இங்கேயே என் கதை முடிந்தது, பெண்ணை நடுரோட்டில் விட்டுவிட்டுச் சாகிறேன் என்று நிஜமாகவே நினைத்தேன்.

கீர்த்தி கத்தவில்லை, ஆட்களைக் கூப்பிடவில்லை. என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். "இது வரும் மா, அப்றம் போயிடும். நான் இருக்கேன்" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாக வண்டிகளின் சத்தம் காதுக்குத் திரும்பியது. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன்.

"பித்தம் இல்ல மா. உனக்கும் இதான்" என்றாள். அவளுக்குத் தமிழில் நீளமாகப் பேசிப் பழக்கமில்லை, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள். "சின்ன வயசுலேந்து பாக்கறேன். எனக்குப் பயம் வந்தா உனக்கும் வந்துடும். அப்போ நான் என்னையும் பாத்துக்கணும், உன்னையும் பாத்துக்கணும். ரெண்டும் என்னால முடியல மா. அன்னிக்கு உன் போன் அடிச்சுட்டே இருந்துது இல்ல, நீ எடுக்கலன்னு எனக்கு நிம்மதியா இருந்துது."

அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இத்தனை மாதம் அந்தப் பூட்டின பெட்டியை நான் திட்டாத நாள் இல்லை. அது பூட்டியிருந்ததுதான் அவளுக்கு நிம்மதியாம். என்னை வேண்டாம் என்று ஒதுக்கியிருந்தால் சண்டை போடலாம். எனக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று ஒதுக்கியிருக்கிறாள். இந்தப் பிள்ளையோடு நான் எப்படிச் சண்டை போடுவது?

ஔந்து பஸ் பாலத்துப் பக்கம் வேகம் குறைத்து வந்தது. கீர்த்தி எழுந்தாள். பஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஒரு முனகல் முனகினால் போதும், பரீட்சையை விட்டுவிட்டு என்னோடு ரிக்ஷாவில் ஏறிவிடுவாள். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஆசையாகவும் இருந்தது. இந்த ஒரு காலை முழுக்க அவள் என் பக்கத்தில் இருப்பாள்.

"ஏறு" என்றேன். பஸ் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

அவள் படியில் கால் வைத்துத் திரும்பினாள். "ஆன்ட்டிய அனுப்பறேன் மா, உனக்கு. பேசாம உக்காந்திரு" என்றாள். பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

எனக்கு மும்தாஜா என்று பல்லைக் கடித்தேன். எழுந்து நடந்துவிடலாம் என்று பார்த்தால் கால் இன்னும் துவண்டது. கொஞ்ச நேரத்தில் அவளும் வந்துவிட்டாள். புடவையில் நூல் ஒட்டியபடி, கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்றக்கூட நேரமில்லாமல் வந்திருந்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. போனைப் பிடுங்கினாயே என்று சொல்லிக்காட்டவில்லை. ஏறிட்டாளா என்று மட்டும் கேட்டாள். ஏறிட்டாள் என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தாள்.

அவள் மேல் இருக்கும் பொறாமை எனக்கு இந்த நிமிடம்கூடக் குறையவில்லை. என் பெண் சாய்ந்த தோள் இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. எழுந்து போய்விடாதேடி என்று உள்ளுக்குள் அவளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.