விதைப் பையில் நான் வாசிக்காத வரி

1

இந்தக் கதை எனக்கு நேர்வழியில் கிடைக்கவில்லை. எப்படிக் கிடைத்தது என்பதை நான்காம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பாலைவனத்தில் சூரியன் தீயாய்..." வெட்டிவிட்டேன். நான் பாலைவனத்தைக் கண்டதே இல்லை. கண்டவர் என் கணவர் அந்தோனிமுத்து.

இரண்டாவது தொடக்கம்: "ஒக்டோபர் கடைசியில், சில்க்போர்க்கில், ஒரு மனிதர் வீட்டின் பின்பக்கத்தில் முழங்காலில் நின்று புல் விதைத்தார்." இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அவர் சவூதியில் ஒன்பது வருடம் தோட்ட வேலை செய்தார். நான் கைக்குழந்தையோடு டென்மார்க்கில் இருந்தேன். விசாப் பத்திரங்கள் சரிவந்து அவர் இங்கு வந்து இறங்கியபோது மகள் அஜந்தினிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடக் கொப்பியும் கையுமாக முன்னால் நின்றாள். அவள் நடக்கப் பழகியதை அவர் காணவில்லை. அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் "சரியான வெக்கை" என்பார். அவ்வளவுதான். இருபது வருடமாக அதே இரண்டு சொல். (எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு கணவர் வாய்த்தால் எரிச்சல் வராதா?)

சென்ற இலையுதிர் காலத்தில் டோஸ்ட்ருப்பிலிருந்து மகள் போன் எடுத்தாள். பேத்தி ஸ்ரெபானி கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறாளாம். நவம்பர் கடைசியில் கூட்டிவருகிறாளாம். அன்றைக்கே அவர் போய்ப் புல்விதை வாங்கிவந்தார். மகளின் முதல் அடி தப்பிப்போனது. பேத்தியின் முதல் அடியாவது தான் வளர்த்த புல்லில் விழ வேண்டும் என்று அவருக்கு ஆசை.

3

பாசி பிடித்த நிலத்தைக் கொத்தும்போதுதான் அவர் வாய் திறந்தது. அங்கே, சவூதியில், மண்ணில் உப்பு. நாட்கணக்காகத் தண்ணீர் கட்டி உப்பைக் கழுவ வேண்டும். பிறகு வெளியிலிருந்து லொறியில் நல்ல மண் வரும். விதையை மணலோடு கலந்து எறிந்து, காலால் மிதித்து, ஈரச் சாக்கால் மூட வேண்டும். மேல்மண் காயாதபடி ஒரு நாளைக்கு ஐந்து தரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். அந்தப் புல்லில் முதலாளியின் பிள்ளைகள் விளையாடினார்களாம். வேலைக்காரர் அதில் இருக்கக் கூடாதாம்.

"ஆறாம் நாள் விடிய முளை கண்டிட்டன்," என்றார். "குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். ஆருக்குச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. உம்மைத்தான் நினைச்சனான்."

நான் அழுதேன். (இந்த வாக்கியத்தை மூன்று தரம் அழகாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.)

4

வெயில் தணிகிற ஒக்டோபர்தான் அங்கே விதைக்கும் காலம். இங்கே அந்நேரம் மண் குளிர்ந்துவிடும். அவருக்கு டெனிஷ் வாசிக்க வராது. விதைப் பையை என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று வாசித்தேன். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை விதைக்கவும் என்ற அடுத்த வரியை வாசிக்கவில்லை. வாசித்தால் மண்வெட்டியை வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். பேச்சும் நின்றுபோகும்.

ஒரு மாதம் அவர் தண்ணீர் ஊற்றினார், நான் கொப்பியில் எழுதினேன். ஒன்றும் முளைக்கவில்லை.

மகள் வந்தாள். அடுத்தது என்ன?

அ) பேத்தி வெளியே, வெறும் மண்ணில் அவரை நோக்கி நடந்து...

ஆ) அவர் யன்னலால் பார்க்க...

இரண்டும் பொய். அவர் அன்றைக்கு நாலாவது தரம் தண்ணீர் ஊற்ற வெளியே போயிருந்தபோது, உள்ளே ஸ்ரெபானி கதிரையை விட்டுவிட்டு நாலடி நடந்தாள். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவர் உள்ளே வந்ததும் பிள்ளை மறுபடி நடந்தாள். அதுதான் முதல்தரம் என்பதுபோல் இருவரும் கைதட்டினோம். ஈரக் கையோடு அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். "இதையாவது கண்டிட்டன்," என்றார்.

5

இப்போது ஏப்ரல். சனிக்கிழமை காலை. அந்தோனிமுத்து குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கதையை வாசிக்கிறார். நான்தான் கொடுத்தேன். அவருடைய வாழ்க்கை, அவருக்குத் தெரியாமல் பத்திரிகைக்கு அனுப்ப மனம் வரவில்லை. தலைப்பைப் பார்த்துவிட்டு எந்த வரி என்று கேட்டார்.

"வாசியுங்கோ, வரும்," என்றேன்.

மெல்லத்தான் வாசிப்பார். மூன்றாம் பகுதியில் நிற்கிறார். முளை கண்டது ஆறாம் நாள் என்று நான் சரியாக எழுதியிருப்பதைத் தலையாட்டி ஒத்துக்கொண்டார்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இன்று காலை பின்பக்கம் போனேன். குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த விதையில் கொஞ்சம் தப்பியிருக்கிறது. அங்கொன்று இங்கொன்றாகப் பச்சை. குனிந்து பார்த்தால்தான் தெரியும். அவர் இன்னும் காணவில்லை. இப்போது கூப்பிட்டால் ஓடிவருவார். அவர் வெளியே நிற்கும் நேரத்தில் நான்காம் பகுதித் தாளை உருவிவிடலாம். அவர் பேத்தியின் முதல் அடியைக் கண்டவராகவே இருப்பார்.

கூப்பிடாவிட்டால், வாசித்துவிடுவார்.

விரலை நாக்கில் தொட்டுத் தாளின் மூலையைப் பிடிக்கிறார். உங்களுக்கு நான்காம் பகுதி தெரியும். நீங்கள் என் இடத்தில் இருந்தால், இப்போது கூப்பிடுவீர்களா?