ஆள் உள்ளே

பூமியை விட்டுக் கிளம்பிப் பன்னிரண்டு தலைமுறை ஆகியிருந்த கப்பல் அது. அதன் கீழ்த்தளத்துக்காரர்கள் கும்பிட்ட சாமி ஒரு காற்றாடிக்குள் குடியிருந்தது. கதவு வைத்த இரும்புக் கூட்டுக்குள் இரண்டு ஆள் உயரக் காற்றாடி. தளத்துக்குக் காற்று தள்ள மொத்தம் மூன்று. இரண்டு ஓடின. மூன்றாவது, யாருக்கும் நினைவு தெரிந்த நாளிலிருந்து நின்றே கிடந்தது. அதன் சுவிட்சில் ஒரு தகடு தொங்கியது. 'ஆள் உள்ளே. தொடாதே.' வேதமென்று இருந்தது அவ்வளவுதான். அதன் முன்னால் சனங்கள் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். வழியில் எதிர்ப்பட்டால் ஒருவர் "ஆள் உள்ளே" என்பார், மற்றவர் "தொடமாட்டோம்" என்பார்.

வெல்டிங்காரிக்கும் சாமிக்கும் சண்டை ஒன்றும் இருந்ததில்லை, அவள் புருஷனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கும்வரை. பட்டறையில் முப்பது வருஷம் புகை தின்ற மனுஷன். வைத்தியர் கையை விரித்துவிட்டார்.

"மருந்து இல்லம்மா. நல்ல காத்து வேணும். மூணாவது ஓடினா பொழைச்சுக்குவாரு." சொன்ன வேகத்தில் தானே பயந்துபோய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அந்த வாரமே பட்டறைக் கிடங்கை ஒழிக்கும்போது, கம்பியில் கோத்த ஒரு கட்டு அவள் கையில் அகப்பட்டது. நாற்பது தகடு, அத்தனையிலும் அதே எழுத்து. கோயில் தகட்டின் கீழ்ப்பாதியை எண்ணெய்ப் பிசுக்கு மூடியிருந்தது. இவற்றில் அது பளிச்சென்று தெரிந்தது. 'பெயர். உள்ளே போன நேரம். வெளியே வந்ததும் கழற்றவும்.'

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. தினம் தொட்டிக்குள் இறங்கிப் பற்றவைக்கிறவளுக்கு இதை யார் விளக்க வேண்டும்? அவள் இறங்கினால் கூட்டாளி வெளியே நின்று கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "ஆள் உள்ளேயா?" என்று கத்துவான். அவள் "உள்ளே!" என்று திருப்பிக் கத்துவாள். இல்லாவிட்டால் எவனாவது சுவிட்சைப் போட்டுவிடுவான். அந்தக் கூப்பாடு கோயிலிலிருந்து பட்டறைக்கு வந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வந்த வழி நேர் எதிர்.

பூசாரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். தகட்டுக் கட்டை அவர் முன்னால் போட்டாள்.

"இது சாமி இல்லண்ணே. ரிப்பேருக்குப் போறவன் மாட்டிட்டுப் போற தகடு. பூமியில அடிச்சு மூட்டையா ஏத்திவிட்டிருக்காங்க."

அவர் தொடாமல் குனிந்து படித்தார். "பேருக்கு நேரே காலியா இருக்கு பாத்தியா? சாமிக்குப் பேரே கிடையாதுன்னு நூறு பாட்டு இருக்கு."

"புதுத் தகடுண்ணே. யாரும் எழுதல."

"உனக்கு நாக்கா, வெல்டிங் ராடா?"

"உன் மச்சான் அங்க மூச்சுக்கு முக்கிக்கிட்டுக் கிடக்காரு. உனக்குப் பாட்டு கேக்குது!"

மச்சான் என்றதும் அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"சரி. ஊரைக் கூட்டறேன். நீயே கதவை அறுத்து உள்ள போய்ப் பாரு. யாரும் இல்லைன்னா என் கையாலயே சுவிட்சைப் போடறேன். போதுமா?"

மறுநாள் காலை கீழ்த்தளமே திரண்டு நின்றது. துருவேறிய கதவை அறுத்து, விளக்கோடு தவழ்ந்து உள்ளே போனாள்.

இறக்கைகளுக்குப் பின்னால் ஒருவன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பட்டறை உடுப்புக்குள் எலும்பு. மடியில் ஒரு ஸ்பானர். கதவின் உட்புறம் முழுக்கச் சொட்டை சொட்டையாக அடிபட்ட வடு. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காவல் நின்ற கூட்டாளி எங்கோ போயிருக்கிறான். கதவு திறந்து கிடக்கிறதே என்று இன்னொருவன் தாழ் போட்டிருக்கிறான். அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் தகட்டைப் படித்துவிட்டு, ஒழுங்காக, தொடாமல் போயிருக்கிறார்கள்.

யாரும் இல்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். இவனுக்கு இனிமேல் என்ன வலிக்கப்போகிறது? உயிரோடு ஒருவர் வீட்டில் கிடக்கிறாரே.

வெளியிலிருந்து அண்ணன் கத்தினார். "ஆள் உள்ளேயா?"

"உள்ளே!"

அவள் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் பழகிய வாய் சொல்லிவிட்டது. வெளியே மொத்தக் கூட்டமும் தரையில் விழும் சத்தம் கேட்டது.

"ஐயோ, நான் என்னைச் சொன்னேன்! என்னைச் சொன்னேண்ணே!" என்று தவழ்ந்து வருவதற்குள் அவர் தலையை உள்ளே நீட்டிப் பார்த்துவிட்டார்.

"எவனோ ஒரு பாவிண்ணே. எடுத்து அடக்கம் பண்ணிட்டு ஓட்டலாம்."

"தொடாதேன்னு இருக்கே, தங்கச்சி." அவர் கண்ணில் நீர் தாரை தாரையாக ஓடியது. பொய்க் கண்ணீர் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"தட்டித் தட்டிச் செத்திருக்கான்! ஒருத்தன் திறக்கல! கதவைப் பாருங்கடா!" என்று ஊரைப் பார்த்துக் கத்தினாள்.

ஊர் பார்த்தது. வேறொரு வெல்டரை வைத்துக் கதவை அடைத்தது. அடுத்த நாளிலிருந்து ஆளுக்கொரு ஸ்பானரோடு வரிசையில் வந்து, கதவை ஏழு தரம் தட்டிக் கும்பிட்டுப் போக ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் இரும்புச் சுவர் வழியே ஏறி அவள் வீட்டுக்கும் வந்தது. புருஷன் கண் திறக்காமல் படுத்திருந்தார். ஒரு வார்த்தைக்கும் அடுத்ததற்கும் இடையில் அவருக்கு வெகுதூரம் இருந்தது.

"யாரோ... கதவைத் தட்டுறாங்க. போய்... திறந்துவிடேன்."

"சாமி கும்பிடறாங்க, நீங்க தூங்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் அட்டையால் விசிறினாள்.