மூண்டு கிழமை பிந்தினவன்

கடவுளாணை, அந்த இடம் எனக்கு வேணும். சட்டத்தில முனைவர் பட்டம், மூண்டு வருசம், முழுச் சம்பளத்தோட. ஜேர்மனியில, எசன் நகரத்தில ஒரு வக்கீலின்ர கந்தோரில வாடகைச் சண்டையும் பூஞ்சணம் பிடிச்ச சுவர்ப் படங்களும் பாத்துப் பாத்து எனக்கு விசரே பிடிச்சிட்டுது. ஆராய்ச்சி பழைய அகதி விசாரணைகளைப் பற்றினது. ஆள் சொல்லுறது உண்மையோ பொய்யோ எண்டு அதிகாரிகள் எப்பிடி முடிவெடுத்தவை எண்டு பாக்கோணும். அகதியின்ர மகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை என்ன இருக்கு? நூற்றுச் சொச்சம் விண்ணப்பத்தில மூண்டு பேரைக் கூப்பிட்டவை. அதில தேனுஜா விமலநாதன் எண்ட நானும் ஒருத்தி.

நேர்முகத்துக்கு முதல் ஒரு பழைய வழக்கின்ர முடிவை அனுப்பினவை. 1990ஆம் ஆண்டு, இலங்கைத் தமிழர், பேர் கறுப்பு மையால அழிச்சிருந்தது. முடிவு சரியோ பிழையோ எண்டு நான் இருபது நிமிசம் பேசோணும். மத்தியானம் கந்தோரில சாப்பிட்டுக்கொண்டே வாசிக்கத் தொடங்கினன். பாதியில சாப்பாட்டைத் தள்ளி வைச்சன்.

ஆளைப் பதினொரு நாள் அரிசி மில்லுக்க அடைச்சு வைச்சவையாம். துவக்குப் பிடியால இடது காதில அடி. கடைசி நாள் ஒரு ஆமிக்காரன் பாதித் தோடம்பழத்தைக் கையில தந்து, ஓடு எண்டவனாம். அது என்ர அப்பாவின்ர கதை. இடது காது கேளாது எண்டு சின்னனில இருந்து நாங்கள் அவரின்ர வலப் பக்கத்திலதான் இருந்து கதைக்கிறது. அம்மாவும் சாகும்வரைக்கும் அப்பிடித்தான்.

ஆனா அப்பாவை அந்த வருசமே அகதியா ஏற்றவை. இந்த ஆளை மறுத்திருந்தவை. காரணம் கடைசிப் பக்கத்தில இருந்தது: இதே கதையை, தோடம்பழம் உட்பட, மூண்டு கிழமைக்கு முதல் வேறொருத்தர் சொல்லியிட்டாராம். ஆகவே இது பாடமாக்கின பொய், ஆள் நம்பத் தகாதவர். கீழ, விமானத்தில ஏத்தி அனுப்பின திகதி.

அப்பாவின்ர கதையைத் திருடின கள்ளன் எண்டு முதலில வாய்விட்டே பேசினன். எங்கட ஆக்களுக்கு இது புதிசோ? ஒருத்தனுக்குச் சரிவந்த கதையை, அகதிகளைத் தங்கவைக்கிற ஹைமில பத்துப் பேர் பாடமாக்கிக்கொண்டு போவினமாம். அப்பாவே சிரிச்சுச் சிரிச்சுச் சொல்லியிருக்கிறார். ஆனா கடைசியில ஒரு டொக்டரின்ர தாளும் இணைச்சிருந்தது. இந்த ஆளின்ர இடது காதுச் சவ்வு கிழிஞ்சு, அந்தக் காது கேளாமலே போச்சு எண்டு. அதை ஆரும் கணக்கெடுக்கேல்லை.

போன மாசம் நான்தான் அப்பாவைக் காது டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போனனான். ரெண்டு காதும் பெடியனின்ர காது மாதிரி இருக்கெண்டு அவ சொன்னா. உங்கட மெஷின் பிழை எண்டு சண்டை பிடிச்சுக்கொண்டு வந்தனான். அட கோதாரி.

அண்டு பின்னேரமே அப்பா இருக்கிற வுப்பர்டாலுக்கு ரயில் ஏறினன். அப்பா சோபாவில இருந்தார். அவரின்ர இடப் பக்கத்தில போய் இருந்து, மெல்லமாக் கேட்டன்.

"அந்த அரிசி மில்லில இருந்தது ஆரப்பா?"

அவர் திரும்பேல்லை. "சில்வெஸ்டர்" எண்டார்.

ஹைமில ரெண்டு பேரும் ஒரே அறையாம். அப்பாவுக்கு ஷெல் விழுந்து வீடு போனதைத் தவிர வேற ஒண்டும் நடக்கேல்லை. அது காணாது, திருப்பி அனுப்பிப்போடுவினம் எண்டு எல்லாரும் பயப்படுத்தினவையாம். சில்வெஸ்டர் நெடுக அழுதழுது தன்ர கதையைச் சொல்லுவாராம். விசாரணைத் திகதி அப்பாவுக்கு முந்தி வந்திட்டுது. அங்க போய் அந்தக் கதையைத் தன்ர கதையாச் சொல்லியிட்டார்.

"அவனுக்கும் குடுப்பினம் எண்டுதான் நினைச்சனான், பிள்ளை. உண்மை சொல்லுறவனுக்குக் குடுக்காமல் விடுவினமோ?"

திருப்பி அனுப்பவெண்டு பொலிஸ் கொண்டுபோக வந்த அண்டு, என்ர கதையில என்ன பிழை மச்சான் எண்டு சில்வெஸ்டர் அப்பாவின்ர இடப் பக்கத்தில நிண்டு கேட்டவராம். அப்பா வாய் திறக்கேல்லை. அந்தக் கேள்வி அந்தப் பக்கத்தால இப்பவும் கேக்குதாம். அதுதான் வேற ஆரையும் அங்க இருக்க விடுறேல்லையாம். ஆனாலும் நான் எழும்பி மற்றப் பக்கம் போகேல்லை.

சட்டத்துக்கு இனி அப்பாவைத் தொட ஏலாது. பொய் சொல்லி எடுத்த குடியுரிமையைப் பத்து வருசம் கழிஞ்சாப் பறிக்கேலாது எண்டு எனக்குத் தெரியும். பயம் எனக்காகத்தான். டொக்டரின்ர தாளை வைச்சே இருபது நிமிசம் வெளுத்து வாங்கலாம், இடமும் கிடைக்கும். முழுப் பூசணிக்காயைச் சோத்துக்க மறைக்கிற வேலைதான், ஆனா அந்த மேசையில அதைக் கண்டுபிடிக்க ஆரும் இல்லை. உன்ர படிப்பைப் பழுதாக்காதை எண்டுதான் அப்பாவும் சொல்லிவிட்டவர்.

வெள்ளிக்கிழமை நேர்முகத்தில பேசினன். நல்லாத்தான் பேசினன். கதை இந்த ஆளின்ரதான் எண்டு எப்பிடி இவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீங்கள் எண்டு பேராசிரியை கேட்டா.

"முதல் சொன்ன மற்ற ஆள் என்ர அப்பா" எண்டன். "இவரின்ர பேர் சில்வெஸ்டர்."

அவ அந்தப் பேரை எழுதிக்கொண்டா. முடிவு பிழை, இதை எழுத்தில தாங்கோ, வழக்குக் கோவையில சேர்க்கச் சொல்லுறன் எண்டா. சொந்தக் குடும்பத்தின்ர வழக்கு இதுக்குள்ள இருக்கேக்க உங்களை எடுக்க ஏலாது எண்டும் சொன்னா. நியாயம்தான். நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். ஸ்டேசன் வரைக்கும் குளறி அழுதுகொண்டுதான் போனன்.

வுப்பர்டால் வீட்டை போக, அப்பா கதவைத் திறந்துகொண்டு நிண்டார். இடம் கிடைச்சதோ எண்டு அவர் கேக்கேல்லை.

"அவனை நம்பினவையோ?" எண்டார்.

"ஓம் அப்பா. நம்பினவை."

அப்பா தலையாட்டினார். பிறகு, என்னைப் பாக்காமலே, "இனி அதை ஆர் அவனுக்குச் சொல்லுறது?" எண்டார்.