ஓடக் கூடாத நாய்

கும்மிடிப்பூண்டி இரும்புத் தொழிற்சாலையில் கேட்டை ஒட்டிய அறையில் செண்பகம் குடியிருந்தது காவல் நாய் டைகரின் தயவில்தான். வாட்ச்மேனாக இருந்த புருஷன் 1972-ல் செத்த பிறகு, அந்த முரட்டு நாய் அவளைத் தவிர வேறு யார் கையாலும் சோறு தின்னவில்லை. "நாயைப் பார்த்துக்கோ, அறையில இருந்துக்கோ" என்றார் மேனேஜர் ஸம்பத்குமார்.

இரண்டு வருஷம் ஓடியது. கார்த்திகையில் டைகர் இருமத் தொடங்கியது. வயிறு உப்பியது, விலா எலும்பு தெரிந்தது. ஏரியில் குளிப்பாட்டப் போவதாக மேனேஜரிடம் சொல்லிவிட்டு மாட்டாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார்.

"சளி இல்லம்மா. இதயத்துக்குள்ள ஒரு கதவு சரியா மூடல. முன்னால போற ரத்தம் பின்னால திரும்புது, அதான் நீர் கோத்துக்குது. மாத்திரை தரேன். உப்பு, கருவாடு ஆகாது. ஓட விடவே கூடாது."

ஆனால் சாயங்காலச் சங்கு ஊதியதும் டைகர் மதிலைச் சுற்றி ஓடியாக வேண்டும், மேனேஜர் உத்தரவு. நோய் என்று சொன்னால் நாய்க்கு விஷ ஊசி, தனக்குத் தெரு. செண்பகம் வாயை மூடிக்கொண்டு, சங்கிலியைப் பிடித்தபடியே மெல்ல நடத்திப் போனாள். ஒரு மாதம் தப்பித்தாள்.

"பிடிச்சுண்டே போறியே! அவுத்து விடு" என்றார் மேனேஜர் ஒருநாள்.

சங்கிலியை அவிழ்த்தாள். டைகர் சந்தோஷமாகப் பாய்ந்தது. மூன்றாவது மூலையில் கால்கள் விறைக்க விழுந்தது. செண்பகம் ஓடிப்போய்ப் பார்த்தாள்; ஈறு நீலம் பூத்திருந்தது. மார்பில் கை வைத்தாள்; இதயம் தாறுமாறாக அடித்தது. சற்றுப் பொறுத்து நாய் கண் திறந்து அவள் கையை நக்கியது.

"இதுக்கு என்ன?" என்று கேட்டபடி மேனேஜர் கிட்டே வந்தார்.

"நெஞ்சு நோவு சார். ஒரு மாசமா எனக்குத் தெரியும். ஊடு போய்டும்னு சொல்லாம இருந்துகினேன். இன்னிக்கு நான்தான் அவுத்தேன்."

மேனேஜர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற நாய் வாங்கணும். இதை..."

"ஊசி மட்டும் வாணாம் சார். இட்டுகினு போயிட்றேன்."

"அப்ப அறை?"

"தெரியும் சார்."

மறுநாள் காலை எளாவூர் போகும் லாரிக்காரரிடம் கெஞ்சி, மூட்டைகளுக்கு நடுவே நாயோடு ஏறினாள். செக்போஸ்ட் பக்கம் தங்கை கன்னியம்மாவின் குடிசை.

"எங்களுக்கே எடமில்ல, இதுல நாய் வேறயா?" என்று கேட்டாலும் கன்னியம்மா வாசலில் கிழிந்த சாக்கை விரித்தாள்.

டைகர் அதில் படுத்து மூச்சு வாங்கியது. செண்பகம் உப்பில்லாத கஞ்சியை ஆற்றத் தொடங்கினாள்.