மூன்றாம் சுற்றில் கண்டது

பிழை நடந்தது சனிக்கிழமை பின்னேரம், கிழக்கு லண்டன் குட்மேய்ஸில், ஞானேஸ்வரனின் வீட்டுக் கராஜுக்குள். அப்போது அது பிழையாகத் தெரியவில்லை. வேலை வடிவாக முடிந்தது என்ற திருப்தியோடு கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

கஸ்பரின் பந்தயச் சைக்கிளில் பிறேக் கம்பிகள் துருவேறியிருந்தன. கஸ்பர் வீடு வீடாகப் போய்க் குசினி அலுமாரி பொருத்துகிறவன். சனிக்கிழமையும் வேலை. காலையில் சைக்கிளைக் கொண்டுவந்து கராஜில் சாத்திவிட்டு, "அண்ணை, நாளைக்கு உங்களுக்காகத்தான் ஓடப்போறன். பிறேக் பிடிக்காட்டி உங்களை விட்டுட்டு முன்னாலை போயிடுவன், பிறகு அழக்கூடாது" என்று பகிடி விட்டுப் போயிருந்தான். ஞானேஸ்வரன் லிஃப்ட் திருத்துகிறவர். கம்பியும் கப்பியும் அவருக்குக் கைவந்த வேலை. பழைய கம்பிகளை உருவிப் போட்டு, புதியவற்றைக் கோத்து, கைப்பிடிக்குப் புது நாடா சுற்றினார்.

சைக்கிளை உண்மையில் நிறுத்துவது முன் பிறேக்தான். வேகம் குறையும்போது உடம்பின் பாரம் முன்சில்லின் மேல் சாய்கிறது. பாரம் உள்ள சில்லுத்தான் வீதியைப் பற்றும். ஆனால் அதை அளவுக்கு மீறிப் பிடித்தால் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். பின் பிறேக்கை மீறிப் பிடித்தால் வால் சற்று ஆடும், அவ்வளவுதான். அதனால் வழுக்கும் வீதியில் எல்லோரும் பின் பிறேக்கைத்தான் முதலில் தேடுவார்கள். எந்தக் கைக்கு எந்தப் பிறேக் என்பது நாட்டுக்கு நாடு வேறு. யாழ்ப்பாணத்திலும் இங்கிலாந்திலும் முன் பிறேக் வலக்கைக்கு. சுவிஸில் இடக்கைக்கு. ஞானேஸ்வரன் சுவிஸில் பதினாறு வருடம் இருந்தவர். பந்தயம் ஓடப் பழகியதும் சைக்கிள் திருத்தப் பழகியதும் அங்கேதான். பிள்ளைகளை ஆங்கிலத்தில் படிப்பிக்க வேண்டுமென்று 2003இல் லண்டனுக்கு வந்த பிறகும் தன் சைக்கிளின் பிறேக்கை அவர் மாற்றவில்லை. கஸ்பரோ யாழ்ப்பாணத்திலிருந்து நேரே லண்டனுக்கு வந்து இறங்கியவன். அன்று பின்னேரம் ஞானேஸ்வரனின் கைகள் அவரைக் கேட்காமலே, தன் சைக்கிளுக்குப் பூட்டுகிற மாதிரி கஸ்பரின் சைக்கிளுக்கும் பூட்டிவிட்டன.

2007ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்துக் கடைசி ஞாயிறு. பந்தயம் பிக்கின் ஹில் பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கைகளில். கிழக்கு லண்டனின் தட்டையான தெருக்களில் வாழ்கிறவர்களுக்கு லண்டனுக்குள்ளேயே இப்படி மலை உண்டென்றால் நம்புவது கஷ்டம். பதினான்கு கிலோமீற்றர்ச் சுற்று, ஐந்து தடவை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நீண்ட இறக்கம், உடனே செங்குத்தான ஒரு ஏற்றம். முடிவுக்கோடு அந்த ஏற்றத்தின் உச்சியில்.

அமெச்சூர் பந்தயத்தில் புதியவர்கள் எல்லோரும் நாலாம் வகுப்பு. ஒரு வருடத்துக்குள் போதிய புள்ளி சேர்த்தால் மூன்றாம் வகுப்புக்கு ஏற்றுவார்கள். வருடம் முடிந்தால் சேர்த்த புள்ளி அழிந்துவிடும், திரும்பப் பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். ஞானேஸ்வரன் அப்படி நாலு வருடம் தொடங்கியவர். இந்த முறை கிட்ட வந்திருந்தார். இன்றைக்கு முதல் ஐந்து பேருக்குள் வந்தால் போதும். வயது நாற்பத்திரண்டு. "இந்த வருசத்தோட காணும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மனுசர் மாதிரி வீட்டில இருங்கோ" என்று மனைவி சுசிலா சொல்லியிருந்தாள். அவரும் சரியென்று வாக்குக் கொடுத்திருந்தார்.

தொடக்கக்கோட்டில் நாற்பது பேர். தமிழர் இவர்கள் இருவர் மட்டும். இரண்டு சைக்கிளும் ஞானேஸ்வரனின் காரிலேயே வந்திறங்கியிருந்தன.

"அண்ணை, நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம்," என்றான் கஸ்பர். "என்ரை பின்சில்லை மட்டும் பாத்துக்கொண்டு வாங்கோ. கடைசி ஏத்தத்தில இறக்கி விடுறன். பிறகு உங்கடை கால் பாடு."

"நீயும் முதல் பத்துக்குள்ள வரலாமடா."

"எனக்கேன்? நான் இடம் பிடிக்கப் போனால் உங்களை ஆர் இழுக்கிறது?"

சைக்கிள் ஓட்டுகிறவனின் முதல் எதிரி காற்று. தட்டையான வீதியில் பலத்தின் பெரும்பகுதி காற்றைப் பிளக்கவே போய்விடும். முன்னால் ஒருவன் பிளந்துகொண்டு போனால், ஒரு முழ இடைவெளியில் பின்னால் வருகிறவனுக்கு வேலை முக்கால்வாசிதான், சிலவேளை அதைவிடவும் குறைவு. கஸ்பர் முதல் இரண்டு சுற்றும் தன் அகன்ற முதுகைக் கொடுத்துக்கொண்டே ஓடினான். வீதி காய்ந்திருந்தது. இறக்கத்தில் எல்லோரையும் போல இரண்டு கையாலும் மெதுவாகப் பிறேக் பிடித்தான். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்கிறவனுக்கு எது எந்தப் பக்கம் என்று தெரிய வழியில்லை.

மூன்றாம் சுற்றில், ஏற்றத்தின் அடியில் கூட்டம் நெருங்கி வேகம் விழுந்தது. கஸ்பர் வலக்கையால் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தான். முன்னால் போனவனை இடிக்காமலிருக்க இடக்கையால் பிறேக்கைச் சற்றே தொட்டான். பக்கத்தில் வந்த ஞானேஸ்வரனின் கண் தற்செயலாகக் கஸ்பரின் முன்சில்லில் விழுந்தது. இரண்டு றப்பர்க் கட்டைகளும் விளிம்பைக் கவ்வி, உடனே விட்டன.

இடக்கை. முன்சில்லு.

லிஃப்டில் வேலை செய்கிறவருக்கு இதை இரண்டாம் முறை பார்க்கத் தேவையில்லை. எந்தக் கம்பி எங்கே போகிறது என்பது அவர் தலைக்குள் படம்போல ஓடியது. தன் விரல்கள் அதைக் கோத்த விதம்கூட ஞாபகம் வந்தது.

"கஸ்பர்!"

"என்ன அண்ணை, களைச்சிட்டீங்களோ?"

சொல்லியிருக்கலாம். நாலு சொல் போதும். ஆனால் நாலு சொல் கேட்ட பிறகு கஸ்பர் என்ன செய்வான்? புத்தியுள்ளவன் என்றால் ஓரத்தில் இறங்கிவிடுவான். இறங்காமல் ஓடினாலும் ஒவ்வொரு வளைவிலும் எந்தக் கை, எந்தக் கை என்று யோசித்துப் பின்தங்குவான். இரண்டில் எது நடந்தாலும் அந்த முதுகு போய்விடும். முதுகு போனால் ஐந்தாம் இடமும் போய்விடும்.

"ஒண்டுமில்லை, போ," என்றார் ஞானேஸ்வரன். உச்சியில் சொல்லுவோம் என்று எண்ணிக்கொண்டார்.

உச்சியில் எட்டுப் பேர் பிய்த்துக்கொண்டு ஓடினார்கள். கஸ்பர் தலையைக் குனிந்து மூன்று கிலோமீற்றர் தனியே காற்றைக் கிழித்து, ஞானேஸ்வரனை அந்த எட்டுப் பேரின் வாலில் கொண்டுபோய் ஒட்டினான். அப்படி இழுக்கிறவனிடம் கதைக்க முடியுமா? மூச்சு இல்லை என்று அவர் தனக்குச் சொல்லிக்கொண்டார். கொஞ்சம் உண்மையும்தான்.

நாலாம் சுற்றின் நடுவில் மழை தொடங்கியது. முதலில் தூறல், பிறகு கண்ணாடியில் ஓடுகிற மழை. ஞானேஸ்வரன் கஸ்பரின் இடக்கையையே பார்த்துக்கொண்டு மிதித்தார். காய்ந்த வீதியில் இரண்டு கையும் சமமாகப் பிடிக்கிறவன் ஈரத்தில் பின்சில்லைத்தான் நம்புவான். கஸ்பருக்குப் பின் பிறேக் எப்போதும் இடக்கையில்தான் இருந்தது. மூளைக்குச் சொன்னாலும் கைக்குப் போய்ச் சேர நாள் எடுக்கும்; மூளைக்கே இன்னும் சொல்லப்படவில்லை. அந்தச் சுற்றின் இறக்கத்தைக் கஸ்பர் பிறேக்கைத் தொடாமலே கடந்தான். முன்னால் வெளி இருந்தது, பிடிக்க வேண்டிய தேவை வரவில்லை.

பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை என்றது ஞானேஸ்வரனின் மனம். இன்னும் ஒரேயொரு இறக்கம்.

கடைசி இறக்கத்தில் மணிக்கு அறுபது கிலோமீற்றருக்குக் கிட்ட வேகம். வலப்பக்க வளைவில் முன்னால் போனவனின் பின்சில்லு ஈர இலைகளில் ஒரு சாண் வழுக்கியது. அவன் விழவில்லை, வேகம் மட்டும் குறைந்தது. கஸ்பர் அவனுக்குப் பின்னால். ஞானேஸ்வரன் கஸ்பருக்குப் பின்னால்.

"கஸ்பர், இடக்..." என்று கத்தினார். அப்போதுதான் கத்தினார்.

நனைந்த விளிம்பில் பிறேக்குக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பிடித்தவுடன் பிடிக்காது. சில்லு சில சுற்றுச் சுற்றி, றப்பர் தண்ணீரை வழித்தெடுக்கும்வரை வெறுமையாக இருக்கும். ஓட்டுகிறவன் இன்னும் இறுக்குவான். தண்ணீர் போனதும் ஒரே கணத்தில் முழுப் பலத்தோடு கவ்வும். கஸ்பரின் இடக்கை இறுக்கியது, இன்னும் இறுக்கியது. பிறகு முன்சில்லு நின்றுவிட்டது. சைக்கிள் அவனுக்கு அடியிலிருந்து பக்கவாட்டில் போனது. அவன் தோளில் விழுந்து, வழுக்கி, ஒழுங்கையோரக் கருங்கல் மதிலில் இடுப்பால் மோதினான். அந்தச் சத்தம் மழைக்குள்ளும் கேட்டது.

ஞானேஸ்வரன் ஒரு கையகல இடைவெளியில் தப்பி அவனைக் கடந்துவிட்டார். திரும்பிப் பார்த்தார். பந்தயத்தின் பின்னால் வந்த உதவிக் கார் விளக்கு மினுங்க நிற்பது தெரிந்தது. அதற்குள் முதலுதவி தெரிந்த பெண் ஒருத்தி இருப்பது அவருக்குத் தெரியும். தன்னால் அவளைவிட என்ன செய்துவிட முடியும் என்று ஒரு குரல் கேட்டது. குரல் கேட்டு முடிய முதலே கால்கள் மிதிக்கத் தொடங்கியிருந்தன.

ஏற்றத்தில் ஐந்து பேரை முந்தினார். நாலாவதாகக் கோட்டைக் கடந்தார்.

முடிவுகளை எழுதிக்கொண்டிருந்த மனிதர் நனைந்த தாளில் அவர் இலக்கத்தைக் குறித்துவிட்டு, வாழ்த்துச் சொல்லிக் கை நீட்டினார். ஞானேஸ்வரனால் அந்தக் கையைப் பிடிக்க முடியவில்லை. சைக்கிளைத் திருப்பி வந்த வழியே இறங்கினார். பந்தயத்துக்கென்று நின்ற அம்புலன்ஸ் அதற்குள் கஸ்பரை ஏற்றிக்கொண்டு போய்விட்டிருந்தது. மதிலோரம் கஸ்பரின் சைக்கிள் சாத்தியிருந்தது. அதை எடுத்துவந்து தன் காருக்குள் ஏற்றினார். கம்பிகளை மாற்றிக் கோத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவராது, பத்து நிமிட வேலை. சைக்கிள் திருத்துகிற ஆயுதப் பெட்டி காருக்குள்ளேயே இருந்தது. அந்தப் பெட்டியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் காரை விட்டார்.

கஸ்பரின் மனைவி றொஷானி செவன் கிங்ஸிலிருந்து ராக்ஸி பிடித்து வந்து சேர்ந்திருந்தாள். இடுப்பெலும்பு மூன்று இடத்தில் உடைந்திருக்கிறது, தோளெலும்பு முறிந்திருக்கிறது, நாளைக்கு ஒப்பரேஷன் என்றாள். வலக்காலில் பாதத்தைத் தொட்டால் கஸ்பருக்குத் தெரியவில்லையாம். அது திரும்பி வருமா என்று டொக்டர்மார் இன்னும் சொல்லவில்லை.

"இவ்வளவு காலமா ஓடுறார் அண்ணை. ஒருநாளும் இப்பிடி விழேல்லை. என்னெண்டு விழுந்தவர்?"

அவர் அவளோடு உள்ளே போனார். கஸ்பரின் கழுத்தைச் சுற்றித் தடித்த பட்டி. முகட்டைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தான்.

"அண்ணையோ? எத்தினையாவது?"

"நாலாவது."

"அப்ப ஏறியாச்சு!" கஸ்பரின் உதடு சிரித்தது. "சொன்னன்தானே. இனி எங்களோட கதைப்பீங்களோ தெரியாது."

ஞானேஸ்வரன் கதிரையில் இருந்தார். ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்கிறதென்று விளங்கப்படுத்துவதில் அவருக்கு எப்போதும் ஒரு ஆசை. யார் கேட்டாலும் பொறுமையாகச் சொல்லுவார். இதையும் அப்படியே சொன்னார். எந்தக் கம்பியை எந்தப் பிடிக்குக் கோத்தார், சுவிஸில் எப்படி, இங்கே எப்படி, ஈரத்தில் என்ன நடக்கும் என்று ஒன்றையும் விடாமல் சொன்னார். தன் இரண்டு கைகளையும் கைப்பிடி போல நீட்டிக் காட்டினார்.

கஸ்பர் நீண்ட மூச்சு விட்டான். "அதுதானே பாத்தன். என்ரை கை சரியாத்தான் பிடிச்சது. நான் பயந்து ஏதோ விசர்வேலை பாத்திட்டன் எண்டு இவ்வளவு நேரமும் என்னையே திட்டிக்கொண்டு கிடந்தன்." பிறகு, "விடுங்கோ அண்ணை. நீங்கள் வேணுமெண்டே செய்தனீங்கள்? பழகின கை அப்பிடித்தான்" என்றான்.

றொஷானி கண்ணைத் துடைத்தாள். அவளுக்கும் கோபம் வரவில்லை. "சைக்கிளை எடுக்கேக்கைதானே அண்ணை கண்டனீங்கள்?" என்று கேட்டாள், அவரைத் தேற்றுகிற குரலில்.

ஓம் என்றால் போதும். அவள் கேட்ட விதத்திலேயே அந்தப் பதில் தயாராக இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் நாளைக்கும் வரலாம், நாளையின்றைக்கும் வரலாம், ஒப்பரேஷன் முடிந்து கஸ்பர் நடக்கப் பழகும்போது பக்கத்தில் நின்று பிடிக்கலாம்.

"இல்லை," என்றார். "ஓடேக்கையே கண்டிட்டன். மூண்டாம் சுத்தில."

றொஷானிக்கு அது விளங்கவில்லை. அவள் கஸ்பரைப் பார்த்தாள்.

கஸ்பர் முகட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டி கழுத்தைப் பிடித்திருந்ததால் முகத்தைத் திருப்ப முடியாது. அவன் உதடு அசைந்தது, எதையோ எண்ணுகிறவன் போல.

"கூப்பிட்டனீங்கள்," என்றான் கடைசியில். "ஏத்தத்துக்கு அடியில. என்ன எண்டு கேட்டன்."

"ஓம்."

"ஒண்டுமில்லை எண்டனீங்கள்."

"ஓம்."

"மழை அதுக்குப் பிறகுதான் வந்தது."

ஞானேஸ்வரனின் கைகள் இன்னும் கைப்பிடியைப் பிடித்த மாதிரியே முன்னால் நீண்டிருந்தன. அவற்றை மடியில் இறக்கி வைத்தார்.

கஸ்பர் கண்ணை மூடினான். மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. துடைக்க அவனால் கையைத் தூக்க முடியவில்லை. ஞானேஸ்வரன் எழுந்து கையை நீட்டப் போனார்.

"றொஷானி," என்றான் கஸ்பர், கண்ணைத் திறக்காமல். "அந்த ஆளைப் போகச் சொல்லு."