காளையில் கறந்த பீர்

காளை மாட்டில் பீர் கறந்தவன் இந்த ஜில்லாவிலேயே தான் ஒருத்தன்தான் என்று பிச்சைமுத்து சொன்னபோது, கமலாவின் டீக்கடையே சிரித்தது. கண்ணாயிரம் மட்டும் சிரிக்கவில்லை. எழுபதைத் தாண்டிய கரும்பு விவசாயி. மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் முதன்முதலில் பீர் குடித்தவர் தாம்தான் என்று நாற்பது வருஷமாக அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லி வருபவர். நிலத்தை மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். அந்தப் பெருமை ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

"புளுவாதடா," என்றார்.

பிச்சைமுத்துவுக்கு அதுதான் வேண்டியிருந்தது. சர்க்கரை மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்றே நாள். அந்த வேலையே கண்ணாயிரம் சொல்லிக் கிடைத்தது என்பதால் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார். இனி எதற்கு?

எழுபத்தெட்டு, மாசி மாசம். கரும்பு வண்டி வரிசை மணலூர்பேட்டை வரைக்கும் நின்றதாம். வாலில் நின்றவனுக்கு மில் வாசலைப் பார்ப்பதற்குள் பிள்ளை பிறந்து, அதற்கு மொட்டையும் அடித்தாயிற்றாம். பிச்சைமுத்து அப்போது கண்ணாயிரத்தின் வண்டிக்காரர். ஆற்று மேட்டில் ஒரு மாடு நொண்டிப்போனது. கண்ணாயிரம் அதை அவிழ்த்துவிட்டு, நுகத்தடியின் அந்தப் பக்கம் பிச்சைமுத்துவைக் கழுத்து கொடுக்கச் சொன்னார். மில் வரைக்கும் மாடும் மனுஷனும் ஒரே நுகம். தார்க்குச்சி இரண்டு பேருக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. மற்ற வண்டிக்காரர்கள் விசிலடித்தார்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு கட்டுப் புல்லைப் போட்டு, இரண்டு பேரும் சண்டை போடாமல் தின்னுங்கள் என்றார் கண்ணாயிரம்.

அது மதுவிலக்குக் காலம். பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் ஒருத்தர் வைக்கோலில் ஒளித்துக் கொடுத்தனுப்பிய ஒரே ஒரு பீர் பாட்டில் வண்டியில் இருந்தது. அதை ஈரச் சாக்கில் சுற்றி, பிச்சைமுத்துவைக் காவல் வைத்துவிட்டு, கண்ணாயிரம் ஊர்க்காரர்களைக் கூட்டிவரப் போனார். நாலு பேர் பார்க்காமல் குடித்தால் அவருக்கு இறங்காது.

பிச்சைமுத்து மூடியைப் பல்லால் நெம்பினார். முதல் வாய், வேப்பம்பட்டைக் கஷாயத்தில் புளித்த கஞ்சியை ஊற்றின மாதிரி இருந்தது. இதற்கா இந்தப் பாடு என்று நினைத்தாலும் கீழே கொட்ட மனசு வரவில்லை. முழுசையும் குடித்து அவர் விட்ட ஏப்பத்தில் எட்டு ஜோடி மாடு மிரண்டு சின்னசேலம் ஸ்டேஷனில் போய்த்தான் நின்றதாம். கழுத்துப் புண் எரிந்தது. கூட நுகம் இழுத்த காளை, அவர் மனசை அறிந்ததுபோல, நின்ற இடத்திலேயே பெய்ய ஆரம்பித்தது. பாட்டிலைப் பிடித்தார். நிறமும் நுரையும் அச்சு அசல். மூடியைக் கல்லால் தட்டி இறுக்கினார்.

கூடி நின்ற யாரும் பீரைக் கண்டதில்லை. கண்ணாயிரமும்தான், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. முதல் மடக்கிலேயே கண்ணை மூடித் தலையாட்டினார்.

"ஆண்டே, எனக்கு ஒரு வாய்," என்று பிச்சைமுத்து வேண்டுமென்றே கெஞ்சினார்.

"மாட்டுக்கு எதுக்குடா பீரு?"

கொடுத்துவிடக் கூடாதே என்று கண்ணாயிரம் கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து உறிஞ்சினார்.

டீக்கடையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கண்ணாயிரத்தையே பார்த்தார்கள். திறந்த மூடியை எவன் திரும்பப் போட முடியும், எல்லாம் கட்டுக்கதை என்று அவர் கத்தினார். டம்ளர் கழுவிக்கொண்டிருந்த கமலா நிமிர்ந்தாள்.

"அன்னிக்கி குடிச்சது உப்பு கரிச்சிது, இப்ப வர்றதெல்லாம் பச்சத் தண்ணின்னு நீங்கதானங்க சொல்வீங்க? எங்க வூட்டுக்காரரு தெனம் குடிச்சிட்டுத்தான் வர்றாரு. பீரு எங்கங்க உப்பு கரிக்கிது?"

கண்ணாயிரம் கையிலிருந்த டீயைப் பார்த்தார். குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். பிச்சைமுத்து விடவில்லை, நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சொல்லுங்க. அன்னிக்கி சில்லுனு இருந்துச்சா?"

தரையைப் பார்த்தபடியே கண்ணாயிரம் வாயைத் திறந்தார்.

"சூடா இருந்துச்சிடா. ஈரச் சாக்குல வெச்சும் இன்னா இப்பிடி கீதுன்னு அப்பவே நெனச்சேன்."